இரண்டு சைக்கிளுக்கு ஒரு பம்

மணலில் சைக்கிள் ஓட வேண்டுமென்றால் முதலில் ரயரிலிருந்து காற்றைத் திறந்துவிட வேண்டும். பெருவிரலால் அழுத்தினால் ரயர் நன்றாக உள்ளே போக வேண்டும். கல்லுப்போல இறுகிய ரயர் மணலை வெட்டிக்கொண்டு இறங்கும். இளகிய ரயர் மணலின் மேல் பரவிக்கொண்டு போகும். பாரம் பரந்த இடத்தில் விழுந்தால் அமுக்கம் குறையும் என்று வருடக்கணக்காகப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டியவன் நான். அந்தப் பாடம் என் சொந்த வாழ்க்கையில் பயன்பட்ட ஒரே இடம் மணற்காட்டுச் சவுக்கங்காடு. அங்கேதான் நான் என் தங்கையின் புருஷனுக்கு ஒரு துரோகம் செய்தேன்.

அவர் போன வருடம் கனடாவில் காலமானார். நான் செய்தது தங்கைக்கு இன்னும் தெரியாது. இது அச்சாகி அவள் கையில் கிடைத்தால் தெரிந்துகொள்வாள். கிடைக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் மலை கிடையாது. சைக்கிளில் போகிறவன் எழும்பி நின்று மிதிக்க வேண்டிய இடம் பாலங்கள் மட்டும்தான். ஆனால் வடமராட்சியில், வல்லிபுரக் கோவிலுக்கு அப்பால், கடற்கரையோரம் மணற்காடு என்ற மீன்பிடி ஊரைச் சுற்றி வெள்ளை மணல் குன்று குன்றாகக் குவிந்து கிடக்கிறது. காற்றுத் திசை மாறினால் குன்றுகளும் மெல்ல இடம் மாறும். கிறிஸ்தவர்களின் பழைய வேதக்கோவில் ஒன்று கூரை போய், பாதிச் சுவர் வரை மணலுக்குள் நிற்கிறது. மணலை மறிப்பதற்காக முன்னொரு காலத்தில் நட்ட சவுக்கு காடாக வளர்ந்து குன்றுகளின் முதுகில் ஏறியிருந்தது. விறகுக்கு வருகிறவர்களும் மீன் கொண்டு போகிறவர்களும் மிதித்து அந்தக் காட்டுக்குள் ஒற்றையடிப் பாதைகள் உண்டாகியிருந்தன. சவுக்கஞ் சருகு விழுந்த இடத்தில் பாதை பாய் விரித்ததுபோல இறுகியிருக்கும். சருகு இல்லாத இடத்தில் சில்லு புதையும். வேர் குறுக்கே ஓடும் இடத்தில் சைக்கிள் துள்ளும். ஏற்றத்தில் பாதித் தூரம் தள்ளித்தான் ஆக வேண்டும். உச்சியில் ஏறி, கடலைப் பார்த்துக்கொண்டு இறக்கத்தில் விட்டால், கொஞ்ச நேரத்துக்கு உடம்பில் பாரமே இருக்காது.

அந்தப் பாதைகளில் ஒரு வேலையும் இல்லாமல், விளையாட்டுக்காக மட்டும் சைக்கிள் ஓடியவர்கள் அந்தக் காலத்தில் இரண்டு பேர்தான் இருந்திருப்போம். நானும் மச்சானும். இருவருக்கும் ஐம்பதை நெருங்கும் வயது.

எண்பத்து மூன்று கலவரத்தில் கொழும்பில் நான் வாடகைக்கு இருந்த அறை எரிந்துபோயிற்று. அகதிகளை ஏற்றி வந்த கப்பலில் காங்கேசன்துறையில் இறங்கியபோது கையில் ஒரு பை இருந்தது. நேரே தங்கை வீட்டுக்குப் போனேன். அது அப்பா அவளுக்குச் சீதனமாக எழுதிக்கொடுத்த வீடு. அந்தச் சீதனம் ஒப்பேறும்வரை நான் கலியாணம் செய்யாமலிருந்தேன். ஒப்பேறியபின் எனக்குப் பேசிச் செய்து வைக்க வீட்டில் பெரியவர்கள் ஒருவரும் மிஞ்சவில்லை. தங்கை வீதியோர அறையைத் துப்புரவாக்கித் தந்தாள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் படிப்பிக்க இடம் கிடைத்தது. கொஞ்ச நாளைக்கென்று வந்தவன் அங்கேயே இருந்துவிட்டேன்.

மச்சான் கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேச்சர். பருத்த உடம்பு, உரத்த குரல், அரைவாசி நேரம் பொய்க்கோபம். தொண்ணூறுக்குப் பிறகு அரசாங்கத்தின் பொருளாதாரத் தடை வந்து, கடையில் விற்பதற்கு உப்பும் தீப்பெட்டியும்கூட ஒழுங்காக இல்லை. அதனால் அவருக்கு நேரம் நிறைய இருந்தது. பெற்றோல் இல்லாததால் ஊரே சைக்கிளில் ஏறிவிட்டது. மணற்காட்டுக்கு முதல் தரம் நாங்கள் விறகுக்குத்தான் போனோம். கட்டிய விறகோடு ஒரு இறக்கத்தில் மச்சானுடைய சைக்கிள் கைமீறி ஓடியது. அவர் விறகை ஒரு பக்கமும் உடம்பை ஒரு பக்கமும் போட்டுவிட்டு மணலில் மல்லாந்து கிடந்தார். நான் ஓடிப் போனேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஐசே, இன்னொருக்கா விடுவம். விறகு கிடக்கட்டும்."

அப்படித்தான் தொடங்கியது. பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் விறகுக்கென்று சொல்லிவிட்டுப் போய், விறகில்லாமல் திரும்பி வந்தோம். என் கணக்குப்படி காற்றைத் திறந்துவிட்டு ஓடியபோது அவர் வாயடைத்துப் போனார். "எங்கடை வாத்தியார் படிச்சது வீண்போகேல்லை" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். இறக்கத்தில் நான் தயங்கி நின்றால் பின்னாலிருந்து கத்துவார்:

"பிறேக்கைத் தொடாமல் விடும், மச்சான்! முன் பிறேக்கைப் பிடிச்சீரோ, தலைகீழாய்ப் போய் மாதாவின்ரை காலடியிலைதான் விழுவீர்."

ஒருநாள் மணற்காட்டு மீன்காரி ஒருத்தி, தலையில் கடகத்தோடு நின்று, நாங்கள் மணலைக் கிளறிக்கொண்டு ஏறுவதைப் பார்த்தாள்.

"என்ன மாஸ்டர்மார், சைக்கிளை உழவுக்கோ கொண்டு வந்தனீங்கள்?"

மச்சான் மூச்சிரைக்க நிமிர்ந்தார். "ஓமணை. அடுத்த கிழமை இதிலை வெங்காயம் நடுகிறம்."

"நடுங்கோ, நடுங்கோ. தண்ணி இறைக்க எங்கடை கடல் கிடக்குதுதானே."

அதன் பிறகு அவள் எங்களைக் காணும்போதெல்லாம் வெங்காயம் முளைத்துவிட்டதா என்று கேட்பாள்.

மணலிலிருந்து தார் ரோட்டுக்கு ஏறும்போது திரும்பக் காற்றடிக்க வேண்டும். இளகிய ரயரில் கல்ரோட்டில் ஓடினால் றிம் ரியூப்பை வெட்டிவிடும். அந்த நாளில் புது ரியூப் என்பது கனவு. ஒட்டுக்கு மேல் ஒட்டுப் போட்ட ரியூப்பை எல்லாரும் கண்ணைப்போலக் காத்தார்கள். எங்கள் இரண்டு சைக்கிளுக்கும் காற்றடிக்கிற பம் ஒன்றுதான் இருந்தது. என் சைக்கிள் பாரில் அதைக் கொழுவியிருந்தேன். மச்சானுடைய பம் உள்ளே தோல் உக்கிப்போய் எப்போதோ மூலையில் கிடந்தது. காட்டு விளிம்பில் நின்று, ஒருவர் காற்றுப் போகும் வால்கட்டையைப் பிடிக்க, மற்றவர் அடிப்பார். அதுவும் விளையாட்டின் ஒரு பகுதி.

அடுத்த வருடம் தங்கையும் மகளும் கொழும்புக்குப் போனார்கள். மச்சானின் தமையன் கனடாவிலிருந்து மூன்று பேரையும் கூப்பிடுவதற்கு எழுதிப் போட்டிருந்தார். குடும்பம் முழுவதையும் ஒன்றாகக் குடாநாட்டை விட்டுப் போக, அப்போது அதை ஆண்ட இயக்கம் விடாது. வெளியே போக அவர்களிடம் பாஸ் எடுக்க வேண்டும். போகிறவர் திரும்பி வருவதற்கு உள்ளே ஒருவர் பிணை நிற்க வேண்டும். மனைவிக்கும் மகளுக்கும் மச்சான் பிணை நின்றார். புறப்படும்போது தங்கை என்னிடம் சொன்னாள்:

"அண்ணை, இவரைப் பாத்துக்கொள்ளுங்கோ. தேத்தண்ணி போடவும் தெரியாத மனுசன்."

"அவர் என்னைப் பாக்கட்டும். நான் அவரைப் பாக்கிறன்" என்றேன்.

அதன்பின் அந்தப் பெரிய வீட்டில் இரண்டு ஆண்கள். நான் சமைத்தேன். மச்சான் தேங்காய் உடைப்பார், தண்ணீர் அள்ளுவார், குறை சொல்லுவார். பொழுதுபட்டதும் குசினி நிலத்தில் எதிரெதிராக இருந்து சாப்பிடுவோம். கடைக்கு வந்தவர்களைப்போலப் பேசிக்காட்டி அவர் என்னைப் புரையேறச் செய்வார். என் வாழ்க்கையில் முதல் தரமாக, என்னோடு சாப்பிடுவதற்கென்று ஒருவர் காத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அந்த நேரத்தை நினைத்துக்கொண்டுதான் மிதிப்பேன். கொழும்பில் சாப்பாட்டுக்கடைகளில் சுவரைப் பார்த்துச் சாப்பிட்ட வருடங்கள் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தன. அந்தச் சுவருக்கு முன்னால் இனிப் போய் இருக்க முடியாது என்று எனக்குத் தோன்றியது.

கடைசியில் தூதரகத்திலிருந்து நேர்முகத்துக்கு நாள் வந்தது. மூன்று பேரும் ஒன்றாகப் போய் நிற்க வேண்டும். மகளுக்கு வயது ஏறிக்கொண்டு வந்தது. இன்னும் பிந்தினால் தகப்பன் தாயோடு சேர்த்து அவளை எடுக்க மாட்டார்கள். ஆகவே தள்ளிப்போட முடியாத நாள் அது. மச்சான் பாஸுக்குப் போனார். அவருக்கும், அவர் பிணை நின்ற மனைவி மகளுக்கும் சேர்த்துப் பிணை நின்றது நான்.

"இவர் திரும்பி வராட்டி நீங்கள்தான் பதில் சொல்ல வேணும், ஐயா" என்று அங்கிருந்த இயக்கப் பொடியன் சொன்னான்.

"வருவார்" என்றேன். வரமாட்டார் என்று அங்கே நின்ற மூவருக்கும் தெரியும்.

வீடு திரும்பும்போது மச்சான் எனக்குப் பின்னாலேயே மிதித்து வந்தார். பிறகு, "உம்மை மாட்டிப்போட்டுப் போறன், மச்சான்" என்றார். ஊரார் பின்னாளில், பிணைக்குப் பயந்து நான் ஏதாவது செய்தேனோ என்று யோசித்திருக்கலாம். அப்படியில்லை. எனக்கு அந்தப் பயம் துளியும் இருக்கவில்லை. பயம் வேறு.

வெளியே போகிற வழி அப்போது கிளாலிதான். அங்கிருந்து கடலேரியைப் படகில் கடந்து வன்னிக்குப் போக வேண்டும். இருட்டியபின்தான் படகு விடுவார்கள். ஆனால் பொழுதுபடுமுன் துறையில் நின்று பாஸைக் காட்டிப் பெயர் பதிய வேண்டும். பாஸ் அந்த ஒரு நாளைக்கு மட்டும் செல்லும். அன்று விட்டால் நேர்முகத்துக்கு முன் கொழும்பைப் பிடிக்க முடியாது.

வழியனுப்பத் துறைவரை நானும் என் சைக்கிளில் கூடப் போவதாக இருந்தது. நேர்வழி கொடிகாமம் வீதி. புறப்படுகிற நாள் காலையில் நான்தான் சொன்னேன்:

"அந்த ரோட்டாலை போனால் வெயிலுக்கை காய்ஞ்சுபோவம். மணற்காட்டாலை போய் அங்காலை கரையிலை இருக்கிற நாகர்கோவிலிலை ஏறி, எழுதுமட்டுவாளுக்கு வெட்டுவம். கடைசி ஓட்டம், மச்சான்."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நேரம் காணுமே?"

"தாராளமாய்க் காணும்."

நேரம் காணும் என்பது பொய்யல்ல. தடங்கல் ஒன்றும் வராவிட்டால் காணும். பின்பு நான் பலதடவை என்னைக் கேட்டிருக்கிறேன், அப்போதே மனதில் இருந்ததா என்று. இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் வழக்கமான வழியை விட்டு ஏன் அந்த வழியைச் சொன்னேன்?

அன்று பெரிய வெள்ளி. மணற்காட்டு ஊருக்குள் ஒருவரும் இல்லை. வலைகள் காய்ந்தபடி கிடந்தன. கதவுகள் பூட்டியிருந்தன.

"என்ன ஐசே, ஊரிலை ஒரு நாயைக்கூடக் காணேல்லை?"

"பெரிய வெள்ளியல்லோ. எல்லாரும் புது வேதக்கோவிலிலை. பின்னேரம் வரைக்கும் வரமாட்டினம்."

அதைச் சொல்லும்போதே, இந்த ஊரில் இன்றைக்கு ஒரு பம் இரவல் வாங்க முடியாது என்று என் மனம் கணக்குப் போட்டது. யாரும் கேட்காத கேள்விக்கு அது தானாகவே பதில் சொல்லிக்கொண்டது.

காற்றைத் திறந்துவிட்டுக் காட்டுக்குள் இறங்கினோம். பங்குனி வெயிலில் மணல் பொரிந்து கிடந்தது. மச்சான் தன் பையைக் கரியரில் இறுக்கிக் கட்டியிருந்தார். அப்படியிருந்தும் எல்லா இறக்கத்திலும் சின்னப் பிள்ளைபோலக் கத்திக்கொண்டு விட்டார். அவருக்குத் துக்கமில்லை. மனைவியிடமும் மகளிடமும் போகிறார், ஏன் துக்கம்? ஆனால் கடைசிக் குன்றின் உச்சியில், கோணலாக வளர்ந்த ஒரு சவுக்கின் கீழே சைக்கிளைச் சாத்திவிட்டு, "இது அங்கை கனடாவிலை கிடைக்குமோ தெரியாது" என்றார். "பனியிலை விடலாம் எண்டு நினைக்கிறன். நீர் வந்தாப்போலை பாப்பம்."

"நான் எங்கை வாறது."

"ஏன், நான் கூப்பிட மாட்டனே?" என்று சொல்லிவிட்டு, கடலை ஒருதரம் வடிவாகப் பார்த்து வருவதற்காகச் சரிவின் மறுபக்கம் நடந்தார்.

நான் பம்மைக் கொழுவியிலிருந்து கழற்றினேன். மரத்தடியில் அதைக் குத்தென மணலுக்குள் இறக்கினேன். பொரிமணல், தடையில்லாமல் போயிற்று. கைபிடியின் மேலே மணலை இழுத்து, சருகைப் பரப்பினேன். எவ்வளவு நேரம் எடுத்திருக்கும்? ஒரு செருப்பைக் கழற்றி மணலைத் தட்டுகிற நேரம். அவர் திரும்பி வந்தபோது நான் உண்மையாகவே செருப்பைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

காடு முடிந்து கல்ரோடு தொடங்கும் இடத்தில் இறங்கினோம். மச்சான் கை நீட்டினார்.

"எடும் பம்மை."

நான் பாரைத் தடவினேன். "ஐயோ, காணேல்லை."

"பகிடி விடாதையும்."

"உண்மையாய்த்தான். எங்கையோ துள்ளி விழுந்திட்டுது போலை."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, பாரைப் பார்த்தார். பிறகு சைக்கிளைப் போட்டுவிட்டு வந்த வழியே ஓடினார். அந்தப் பருத்த மனிதர் மணலில் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு பின்னால் போனேன். ஒவ்வொரு இறக்கத்திலும், ஒவ்வொரு வேரடியிலும் குனிந்து தேடினார். கடைசிக் குன்றின் உச்சியில், அந்தக் கோணல் சவுக்கின் கீழேயும் முழங்காலில் நின்று சருகைக் கையால் அரித்தார். அவருடைய விரல்கள் அதற்கு எவ்வளவு கிட்ட வந்தன என்பதை நான் சொல்ல விரும்பவில்லை. அப்போது நானும் குனிந்து, "இஞ்சை கிடக்குது, மச்சான்" என்று சொல்லியிருக்கலாம். ஒரு கேள்வியும் வந்திராது. சிரித்திருப்பார். நான் பக்கத்தில் நின்று, மற்றப் பக்கத்தைத் தேடுவதுபோலத் தேடினேன்.

"விடும். நேரம் போகுது" என்று அவரே எழும்பினார்.

கல்ரோட்டில் கொஞ்சத் தூரம் தள்ளினோம். நாகர்கோவிலுக்குப் போனால் பம் கிடைக்கும், ஆனால் அவ்வளவு தூரம் நடந்து போனால் நேரம் போய்விடும். திடீரென்று அவர் சைக்கிளில் ஏறினார்.

"ரியூப் போயிடும்!"

"போனால் போகட்டும். நான் கனடாவுக்குக் கொண்டு போகப்போறனே?"

ஓடினார். இளகிய ரயர் கல்லில் அடிபடும் சத்தம் எனக்குக் கேட்டது. அடுத்த வளைவுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது பின்ரயர் றிம்மை விட்டுக் கழன்று சுற்றியிருந்தது. ரியூப் வால்கட்டையடியில் கிழிந்திருந்தது. அவர் பையை அவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார். நான் இரண்டு சைக்கிளையும் தள்ளிக்கொண்டு பின்னால் போனேன்.

நாகர்கோவிலில் ஒரு வீட்டில் பம் கிடைத்தது. என் சைக்கிளுக்குக் காற்றடித்தோம். பனைகளின் நிழல் அப்போதே ரோட்டைத் தாண்டி விழுந்துகிடந்தது.

"உம்மடை சைக்கிளைத் தாரும்."

கொடுத்தேன். அவர் போய் மறைந்ததும், கிழிந்த சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தவழியே வீட்டுக்குத் திரும்பினேன். வழி முழுக்க, அவர் நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்று வேண்டினேன். போய்ச் சேரக்கூடாது என்றும் வேண்டினேன். இரண்டும் உண்மையான வேண்டுதல்தான்.

மறுநாள் காலையில் அவர் படலையைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். துறையில் பெயர் பதிவதை நிறுத்தியபின்தான் போய்ச் சேர்ந்திருக்கிறார். கெஞ்சியிருக்கிறார். மற்றவர்கள் படகில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். "கிட்டத்தான் நிண்டனான், மச்சான்" என்று மட்டும் சொன்னார். தேநீர் போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

இனி எழுதப்போவதுதான் எல்லாவற்றிலும் கேவலமானது. அந்த நாளில் மின்சாரமும் இல்லை, பற்றறியும் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து கம்பி எடுத்துத்தான் றேடியோ கேட்போம். அன்று பின்னேரம் அயல்வீட்டு முற்றத்தில் பெடலைச் சுற்றும் வேலையை நான் கேட்டு வாங்கினேன். கடலேரியில் படகுகள் தாக்கப்பட்டுச் சனம் செத்த செய்திகள் அதற்கு முன் வந்திருந்தன. முதல்நாள் இரவும் அப்படி ஏதாவது நடந்திருக்க வேண்டும் என்று நான் விரும்பினேன். நடந்திருந்தால் நான் ஓர் உயிரைக் காப்பாற்றியவன். அதற்காக, அந்தப் படகுகளில் போன முகம் தெரியாத சனங்கள் சாக வேண்டுமென்று பெடலைச் சுற்றிக்கொண்டிருந்தேன். கை உளைந்தது, நிறுத்தவில்லை. செய்தி முடிந்தது. முதல்நாள் இரவு போன படகுகள் எல்லாம் சுகமாகப் போய்ச் சேர்ந்திருந்தன.

தங்கையும் மகளும் நேர்முகத்துக்குத் தனியே போனார்கள். அவர்களுக்கு விசா கிடைத்தது. மகளின் வயது காரணமாகத் தங்கையால் காத்திருக்க முடியவில்லை; இருவரும் கனடாவுக்குப் போய்விட்டார்கள். புருஷன் பின்னால் வரலாம் என்று சொன்னார்களாம். மச்சான் மறுபடி பாஸுக்குப் போனார். போன தரம் கொடுத்ததை ஏன் வீணாக்கினாய் என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். பிறகும் போனார், பிறகும் அனுப்பினார்கள்.

நான் விரும்பியது எனக்குக் கிடைத்தது. மாலைச் சாப்பாட்டுக்கு அவர் எதிரில் இருந்தார். ஆனால் கதை வரவில்லை. நான் கடைக்கதை ஏதாவது கேட்டால், "என்ன கதை, ஒண்டுமில்லை" என்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் மணற்காட்டுக்குக் கூப்பிட்டேன். "பம் இல்லையே, மச்சான்" என்றார். அது சாதாரணமான பதில்தான். எனக்குத்தான் அது வேறு மாதிரிக் கேட்டது.

தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று பிடித்தது. அந்தக் காற்றில் மணற்காட்டுக் குன்றுகள் புகையும். ஒருநாள் மச்சான் விறகுக்கென்று தனியே போனார். பின்னேரம் நான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது வந்து, என் முன்னால் நிலத்தில் பம்மை வைத்தார். கைபிடியில் துரு ஏறியிருந்தது.

"எங்கை கிடந்தது?" என்றேன்.

"அந்தக் கோணல் சவுக்கடியிலை. மேல்மணல் பறந்து பிடி வெளியிலை தெரிஞ்சுது." பம்மை நிலத்தில் நிமிர்த்திக் காட்டினார். "கிடக்கேல்லை, மச்சான். குத்தென நிண்டது. ஆரோ நட்ட மாதிரி."

துள்ளி விழுந்த பம் படுத்துத்தான் கிடக்கும். அதை விளங்கிக்கொள்ளப் பௌதிகம் தேவையில்லை. அவர் போகாமல் நின்றார். நான் ஏதாவது சொல்வேனென்று காத்திருந்தார் என்று இப்போது நினைக்கிறேன். நான் தலை நிமிராமல் துருவினேன். சிரட்டை வரை துருவி, சிரட்டையையும் சுரண்டினேன். அவர் வெளியே போனார்.

அடுத்தநாள் அவர் முற்றத்தில் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினார். தேநீர் போடத் தெரியாத மனிதர் தனக்குத் தானே சோறு காய்ச்சினார். முதல் சில நாள் அடிப்பிடித்த மணம் வீடு முழுக்க வந்தது. நான் கறியைக் கொண்டுபோய் வைத்தேன். "வேண்டாம், என்னட்டை இருக்குது" என்று மரியாதையாகச் சொன்னார். சண்டையில்லை, ஒரு கடும்சொல் இல்லை. ஐசே என்று அதன்பின் ஒருநாளும் கூப்பிடவில்லை. ஒரே வீட்டில், நான் குசினிக்குள்ளும் அவர் முற்றத்திலுமாகச் சாப்பிட்டோம். அவர் பீங்கானில் விரல் படும் சத்தம்கூட எனக்குக் கேட்கும். கொழும்புச் சாப்பாட்டுக்கடையின் சுவர் இதைவிட நல்லது.

தொண்ணூற்றைந்தின் கடைசியில், முன்னேறி வந்த இராணுவத்துக்கு அஞ்சி, குடாநாட்டின் மேற்குப் பக்கமான வலிகாமம் முழுவதும் ஓரிரவில் எழும்பி வந்தது. எங்கள் வீட்டிலும் சனம் நிறைந்தது. நீர்வேலியிலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்கு மச்சான் தன் அறையைக் கொடுத்தார். வன்னிக்குப் போகிறவர்களை அந்தக் குழப்பத்தில் இயக்கம் மறிக்கவில்லை. போகச் சொல்லியே சொன்னார்கள். ஒருநாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் அவர் பழைய ரியூப் ஒன்று தேடிப் போட்ட தன் சைக்கிளை முற்றத்துக்கு உருட்டினார். கரியரில் அதே பை.

"பம்மை ஒருக்காத் தாரும்" என்றார்.

எடுத்துக்கொண்டு போனேன். ஆனால் அவர் கையில் கொடுக்கவில்லை. குந்தியிருந்து குழாயை நானே பொருத்தினேன். அவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். அடிக்கத் தொடங்கினேன். எத்தனையோ மாதமாக உள்ளே இருந்த சொல் அப்போது தொண்டைக்கு வந்தது.

"மச்சான், அண்டைக்கு நான்—"

"கதையாமல் அடியும். நேரம் போகுது."

அடித்தேன். முன்சில்லு முடித்துப் பின்சில்லுக்குப் போனேன். அவர் குனிந்து பெருவிரலால் அழுத்திப் பார்த்தார். விரல் கொஞ்சமும் உள்ளே போகவில்லை. தார் ரோட்டுக்கு ஏற்ற காற்று.

"காணும்" என்றார்.

கொடிகாமம் வீதியால்தான் போனார்.

கனடாவுக்கு அவர் போய்ச் சேர அதன்பிறகும் வருடங்கள் எடுத்தன. வவுனியா முகாம், கொழும்பில் ஒரு அறை, திருப்பி அனுப்பப்பட்ட விண்ணப்பங்கள். அவர் போய் இறங்கியபோது மகளுக்குக் கலியாணம் முடிந்திருந்தது. தாலி கட்டும்போது தகப்பன் இடத்தில் பெரியப்பா நின்ற படத்தைத் தங்கை எனக்கு அனுப்பியிருந்தாள். என்னால் காணாமல் போனது அந்த இடம். அவர் எனக்கு எழுதவில்லை. தங்கை பேசும்போது பின்னால் அவருடைய இருமல் கேட்கும், அவ்வளவுதான்.

செத்தவீடு முடிந்து சில நாளில் தங்கை ஃபோன் எடுத்தாள். அழுது களைத்த குரல்.

"அண்டைக்கு மட்டும் அந்த ரியூப் கிழிஞ்சிராட்டி, அண்ணை, எங்களோடை கூட எத்தினை வருசம் இருந்திருப்பார்."

ரியூப் கிழிந்தது என்று மட்டும்தான் அவர் சொல்லியிருக்கிறார். கடைசிவரை.

"உங்களைப் பற்றி ஒரு குறை சொன்ன மனுசனில்லை" என்றாள். "மச்சான்தான் எனக்குப் பிணை நிண்டவர் எண்டு ஆக்களுக்குச் சொல்லுவார்."

ஃபோனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"அண்ணை? லைன் அறுந்திட்டுதோ?"

"இல்லைப் பிள்ளை" என்றேன். "நிக்கிறன்."